பழைய கிச்சனை உடைக்கும் முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்: எந்தக் கோளாறுக்கு எந்தக் கேபினட், எந்த அடித்தளம்

புதுக் கிச்சன் போடுவதென்று முடிவானதும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது கலர் கார்டைத்தான். கதவு என்ன நிறம், பளபளப்பா மேட்டா, கைப்பிடி வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். உள்ளே வரும் பெட்டி என்ன பலகை, அது எதன்மேல் நிற்கப்போகிறது என்பதைக் கடைக்காரர் சொன்னபடி விட்டுவிடுவார்கள். நான் திருச்சியில் பதினோரு வருடமாக வீடுகளில் கிச்சன் அளந்து போட்டுக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். போட்ட கிச்சன் எத்தனையோ, கழற்றிப் போட்ட பழைய கிச்சனும் கிட்டத்தட்ட அத்தனை இருக்கும். அவற்றில் கதவு கெட்டுக் கழற்றியது ரொம்பக் கொஞ்சம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் பெரும்பாலும் எல்லாம் கெட்டிருக்கும்.

அதனால் கடைக்குப் போகும் முன் அரை நாள் ஒதுக்குங்கள். ஒரு டார்ச், ஒரு டேப், கொஞ்சம் பழைய நியூஸ் பேப்பர் போதும். இப்போதிருக்கிற கிச்சன் எங்கே, எதனால் கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் புதியதில் எதை வாங்க வேண்டும் என்பதில் பாதி அப்போதே முடிவாகிவிடும். கண்டுபிடிக்காமல் உடைத்தால் அதே தண்ணீர், அதே கரையான் புதுப் பலகைக்கும் வரும். கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் வீட்டில் இருப்பதை மட்டும் படித்தாலும் சரி.

சிங்குக்குக் கீழே பலகை உப்பி, அமுக்கினால் உள்ளே போகிறது

சிங்க் கதவைத் திறந்து அடிப்பலகையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை விரலுக்கு இடம் கொடுக்காது. ஊறிய பலகை அமுங்கும், ஓரத்தில் பிய்த்தால் கையோடு வரும். வருவது சிராய்த் தூளாக இருந்தால் பார்ட்டிகல் போர்டு, பஞ்சு மாதிரி இருந்தால் எம்.டி.எஃப்., இதழ் இதழாகப் பிரிந்தால் பிளைவுட். இதைத் தெரிந்துகொள்ளுங்கள், பில்லில் பிளைவுட் என்று எழுதிவிட்டு உள்ளே வேறு பலகை போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? உள்ளே இருக்கிற சோப்பு டப்பா, குப்பைக் கூடை, பழைய துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, ஒரு இரவு முழுக்க ஃபேன் காற்றில் காயவிடுங்கள். காலையில் அடிப்பலகை முழுக்க நியூஸ் பேப்பர் விரித்து, இன்னொரு தாளைப் பின்பக்கம் சுவரை ஒட்டி நிமிர்த்தி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சிங்கின் ஓட்டையை அடைத்து முக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். சிங்கின் ஓட்டையில் மாட்டியிருக்கிற கப்ளிங்குக்கு நேர் கீழே பேப்பர் நனைந்தால் வாஷர் போய்விட்டது. அதற்கடுத்து பாட்டில் மாதிரி தொங்குகிற பாட்டில் ட்ராப்புக்குக் கீழே நனைந்தால் நட்டு இறுகவில்லை. சிங்கைத் திறந்துவிடும் முன்பே ஒரு ஓரம் ஈரமானால் சுவரில் இருக்கிற ஆங்கிள் வால்வோ, அதிலிருந்து குழாய்க்குப் போகிற ஹோஸோ கசிகிறது. சுவரில் ஒட்டிய தாள் மேலிருந்து கீழாக நனைந்து வந்தால் மேடைக் கல்லுக்கும் சுவர் டைல்ஸுக்கும் நடுவில் ஜாயின்ட் விட்டிருக்கிறது. இந்தக் கடைசியைப் பார்க்க, மேடை மேல் பின் ஓரமாக ஒரு சொம்புத் தண்ணீரைத் தனியாக ஊற்ற வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் இரண்டு தடவை அடிப்பலகையை மாற்றியிருந்தார்கள், மூன்றாவது தடவைதான் என்னைக் கூப்பிட்டார்கள். சிங்கை நிரப்பித் திறந்தேன், பேப்பர் காய்ந்தபடியே இருந்தது. அந்த அம்மா வழக்கம்போலப் பாத்திரம் கழுவி, மேடையைக் கையால் வழித்துத் தண்ணீரைச் சுவர்ப் பக்கம் தள்ளினார். ஐந்து நிமிடத்தில் நிமிர்த்தி வைத்த தாளில் பென்சில் கோடு மாதிரி மெல்லிசாக ஒரு ஈரம் இறங்கியது. வெள்ளை சிமெண்ட் மயிரிழை அளவுக்கு விரிந்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் அடித்ததோடு சரியாகிவிட்டது. இரண்டு பலகைக் காசு வீணாகப் போனதுதான் மிச்சம்.

புதியதில் என்ன செய்யலாம்? சிங்குக்குக் கீழே அடிப்பலகையே வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் கடப்பாவோ கிரானைட்டோ கால் கொடுத்து, கீழே தரை டைல்ஸ் அப்படியே இருக்கட்டும், முன்னால் கதவு மட்டும் போடுங்கள். கசிந்தால் தரையில் தெரியும், துடைத்துவிடலாம், பிளம்பர் உள்ளே தலையை விட்டு வேலை செய்யவும் இடம் இருக்கும். இல்லை, வரிசை முழுக்கப் பெட்டியாகத்தான் வேண்டும் என்றால் அந்த ஒரு பெட்டியை மட்டுமாவது ஐ.எஸ். 710 மெரைன் பிளையில் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தரத்துக்கான சோதனையில் பிளை மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள், பசை விடக் கூடாது. கடையில் வெறுமனே வாட்டர்புரூஃப் என்று சொல்வதற்கு இந்த அர்த்தம் கிடையாது. வெட்டும் முன் முழு ஷீட்டைப் பாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசன்ஸ் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி, லைசன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும்.

ஆனால் மெரைன் பிளை என்றாலும் அது மரம்தான். பசை தாங்கும், மரம் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும், அதுவும் வெட்டின ஓரம் வழியாக. பைப் போவதற்குப் பின்பலகையில் போடுகிற ஓட்டையை ஆசாரிகள் அப்படியே பச்சையாக விட்டுவிடுவார்கள். ஊறல் அங்கிருந்துதான் தொடங்கும். ஓட்டையின் உள்விளிம்பு உட்பட வெட்டின இடம் எல்லாவற்றுக்கும் எட்ஜ் பேண்டோ (ஓரத்தில் ஒட்டுகிற பட்டை), குறைந்தபட்சம் இரண்டு கோட் பெயின்ட்டோ அடித்து சிலிக்கான் வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சிங்க் மட்டுமில்லை, வரிசை முழுக்க அடி கறுத்திருக்கிறது

இது குழாய்த் தண்ணீர் இல்லை, வீடு கழுவுகிற தண்ணீர். நம் ஊரில் வெள்ளிக்கிழமையோ பண்டிகைக்கு முதல் நாளோ பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக் கழுவுகிறோம், அது கேபினட் அடியில் புகுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. வெளிநாட்டுக் கிச்சன் படங்களைப் பார்த்து டிசைன் செய்கிறவர்களுக்கு இந்தத் தண்ணீர் கண்ணில் படாது. முன்னால் ஒட்டியிருக்கிற ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்டி நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, கட்டையை அடித்து அதன்மேல் வைத்திருந்தாலோ காரணம் அதுதான்.

இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நான்கு அங்குல உயரத்துக்குப் பிளாஸ்டிக் லெக். திருகி மட்டம் சரிசெய்துகொள்ளலாம், முன்னால் பி.வி.சி. அல்லது அலுமினியம் ஸ்கர்ட்டிங் கிளிப்பில் மாட்டியிருக்கும், கையால் இழுத்தால் வந்துவிடும், உள்ளே பெருக்கிவிட்டுத் திரும்ப மாட்டலாம். இன்னொன்று, செங்கல்லோ கான்கிரீட்டோ வைத்து மூன்று நான்கு அங்குலம் மேடு கட்டி, மேலேயும் முன்னாலேயும் டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டி, அதன்மேல் பெட்டியை வைப்பது. மேடு கட்டினால் அடியில் தண்ணீரும் போகாது, கரப்பானுக்கும் எலிக்கும் இடம் இருக்காது. குறை என்னவென்றால் பின்னால் கிச்சன் அமைப்பை மாற்ற நினைத்தால் உடைக்க வேண்டும், அப்புறம் அதற்குள் பைப் மட்டும் புதைத்துவிடாதீர்கள். தனி வீடு, தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மேடு. ஃபிளாட், மாப் போட்டுத் துடைக்கிறவர்கள் என்றால் லெக் போதும்.

மழைக்குத் தண்ணீர் ஏறுகிற தெருவில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு நாலங்குல மேடு எந்த மூலைக்கு? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையை ஒட்டிய முடிச்சூரில் என் சித்தப்பா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் புதுக் கிச்சன் பெட்டிகள் வாய் பிளந்து நின்றன. சித்தி வீட்டில் பழைய கடப்பா அலமாரி, சேற்றைக் கழுவி பினாயில் போட்டுத் துடைத்து நாலாம் நாள் பாத்திரம் அடுக்கிவிட்டார். அப்படிப்பட்ட இடத்தில் கீழ் வரிசைக்கு மரப்பலகையை நான் சொல்லவே மாட்டேன். கடப்பா, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லாவிட்டால் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த டபிள்யூ.பி.சி. பலகை என்று இந்த நாலில் ஒன்று. அழகையெல்லாம் மேல் வரிசையில் காட்டிக்கொள்ளலாம்.

மேடை கல் மாதிரி இருக்கிறது, கதவுகள்தான் போய்விட்டன

இருபது முப்பது வருடத்து வீடுகளில் கான்கிரீட் மேடை, கீழே கடப்பா தடுப்பு, மேலே கிரானைட் என்று இருக்கும். மாடுலர் போட வருகிறவர்கள் முதல் வார்த்தையாக இதை உடைக்கச் சொல்வார்கள், அவர்களுக்குத் தங்கள் அளவுப் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பது சுலபம் என்பதுதான் காரணம். உடைக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். மேடையின் அடிப்பக்கம் டார்ச் அடியுங்கள். கான்கிரீட் செதிலாக உரிந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது, உடைத்துத்தான் ஆக வேண்டும். கடப்பாத் தடுப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அதை மட்டும் திரும்பப் பதிக்கலாம். மூன்றாவது உயரம், அது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதைப் பின்னால் சொல்கிறேன். மூன்றும் சரி என்றால் உடைக்காதீர்கள்.

அந்தக் கடப்பாவுக்கு முன்னால் சட்டம் அடித்துக் கதவு மட்டும் மாட்டினாலே கிச்சன் புதிதாகிவிடும். கீலை நேராகக் கல்லில் திருக விடாதீர்கள், ஓரத்தில் துளை போட்டால் கடப்பா பிளக்கும். அலுமினியம் ஃபிரேம் அல்லது மெரைன் பிளைப் பட்டை வைத்து, அதில்தான் கீல்.

டிராயர் வேண்டும் என்கிறபோது மட்டும் சிக்கல். கொத்தனார் பதித்த கடப்பா தடுப்பு இரண்டும் ஒருபோதும் இணையாக இருக்காது. முன்னால் 20 அங்குலம் இருக்கும், பின்னால் 19 முக்கால், அடியில் இன்னொரு கணக்கு. டிராயர் ஓடுகிற தண்டவாளமான சேனலுக்கு அந்தக் கால் அங்குலம் பெரிய வித்தியாசம். அதனால் முன், பின், மேல், கீழ் என நாலு இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சின்ன அளவை வைத்து ஒரு பெட்டி செய்து உள்ளே நுழைத்து, அதில்தான் சேனல் மாட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு அங்குலம்வரை அகலம் போகும். டிராயர் எல்லா இடத்திலும் கேட்காமல், அடுப்புக்குக் கீழே ஒரு வரிசை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த இழப்பு தெரியாது.

கதவு தொங்குகிறது, ஒன்றோடொன்று உரசுகிறது

பத்தில் எட்டு கதவுகளுக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், புதுக் கிச்சன் தேவையில்லை. வட்டக் கப் வைத்த கீலில் கதவுக்குக் கிட்டே இருக்கிற திருகு கதவை இடது வலது நகர்த்தும். பின்னால் இருக்கிற திருகு கதவைப் பெட்டியோடு ஒட்டவும் விலக்கவும் செய்யும். பெட்டியில் பதிந்திருக்கிற தட்டின் திருகுகளைத் தளர்த்தினால் மேலே கீழே நகரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள், மூடிப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று.

திருகு பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பலகை உள்ளே செத்துவிட்டது. பிளைவுட்டாக இருந்தால் துளையைப் பெரிதாக்கி மரக்குச்சியைப் பசை தொட்டு அடித்து, காய்ந்தபின் புதிதாகத் துளை போட்டுத் திருகலாம். பார்ட்டிகல் போர்டில் இது ரொம்ப நாள் நிற்காது. புதுக் கிச்சனுக்கு டபிள்யூ.பி.சி. யோசிப்பவர்களும் இதைக் கவனியுங்கள். அது தண்ணீருக்கும் கரையானுக்கும் அசையாது, ஆனால் நல்ல பிளை அளவுக்குத் திருகைப் பிடிக்காது, அடர்த்தி குறைந்த மலிவு ஷீட்டில் இன்னும் மோசம். பெட்டியை டபிள்யூ.பி.சி.யில் செய்து கதவைப் பிளையில் செய்தால் ஒரு நடுவழி கிடைக்கும்.

அப்புறம், கதவின் அகலம். இரண்டடி அகலக் கதவு படத்தில் நன்றாக இருக்கும், அதன் எடை முழுக்க இரண்டு கீலில் தொங்கும். 18 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள், அகலம் வேண்டுமென்றால் இரட்டைக் கதவு. மூன்றடி உயரம்வரை இரண்டு கீல், அதற்கு மேல் மூன்று, ஆளுயர டால் யூனிட் கதவுக்கு நான்கு.

டிராயர் பாதியில் நிற்கிறது

எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துவிட்டுக் காலியாக ஓட்டிப் பாருங்கள். காலியாக நன்றாக ஓடினால் சுமை அதிகம். காலியாகவும் நின்றால் பெட்டி கோணலாக இருக்கிறது. பெட்டியின் முன்வாயில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் வைத்து அளங்கள், இரண்டும் ஒரே எண் வர வேண்டும். சாதாரண டெலஸ்கோபிக் சேனல் பக்கத்துக்கு ஏறக்குறைய 13 மி.மீ. இடம் கேட்கும், இதில் இரண்டு மி.மீ. குறைந்தாலே இறுகும், கூடினால் பால் பேரிங் கழன்று கொட்டும்.

சுமைக் கோளாறு என்றால் வடிவமைப்பை மாற்ற வேண்டும். இட்லிப் பானை, பத்து லிட்டர் குக்கர், இரும்புத் தோசைக்கல் எல்லாம் இருக்கிற வீட்டுக்கு, சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் டிராயர் போட வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டையை எந்த டிராயரிலும் வைக்காதீர்கள். அதற்கு ஒன்றரை அடி அகலத்தில் அடிப்பலகை இல்லாத ஒரு இடம் விட்டால் டின்னை நேராகத் தரையிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கம்பிக் கூடையில் துரு

காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று கடையில் செய்துகாட்டுவார்கள். அது போதாத சோதனை. 304 ஸ்டீலிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது, மலிவான 202 ஸ்டீலிலும் ஒட்டாது. 304-இல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும், 202-இல் அதைக் குறைத்து மாங்கனீசு கூட்டியிருப்பார்கள், உப்பும் புளியும் பட்டால் அதுதான் முதலில் பழுக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கடலோர ஊர்க்காரர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெல்டிங் வைத்த இடத்தில் துரு தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பிகளை ஒட்டியொட்டிச் செய்த கூடையைவிட, ஒரே தகட்டில் ஓட்டை போட்டு மடித்த கூடைக்கு வெல்டிங் குறைவு, துடைக்கவும் எளிது. ஈரப் பாத்திரத்தை எதிலும் நேராக வைக்காமல் வடித்துவிட்டு வைத்தால் கூடை இன்னும் நாள் உழைக்கும்.

அடுப்புப் பக்கம் மைக்கா எழும்புகிறது

அடுப்புக்குப் பக்கவாட்டிலும், அடுப்புக்கு மேலே புகைபோக்கிக்கு இரண்டு புறமும் உள்ள கதவுகளைத் தொட்டுப் பாருங்கள், சமைத்து முடித்த சூட்டோடு பாருங்கள். கை சுட்டால் பலகையின் குற்றம் இல்லை, இடம்தான் தவறு. மெம்பரேன் கதவு என்பது எம்.டி.எஃப். மேல் பி.வி.சி. தோல் ஒட்டியது, சூடும் ஆவியும் தொடர்ந்து பட்டால் ஓரத்திலிருந்து உரியும். பி.வி.சி. பலகைக் கதவு சூட்டில் வில்லாக வளையும். அடுப்பைச் சுற்றி இரண்டடிக்கு ஒரு மி.மீ. மைக்கா ஒட்டிய பிளை வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் ஆசைப்பட்ட அக்ரிலிக்கோ மெம்பரேனோ போடுங்கள். நிறம் பொருந்தாது என்பார்கள், அங்கே வேறு நிறமாகவே வைத்துவிட்டால் அதுவும் ஒரு டிசைன்தான். புகைபோக்கி அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரத்தில் இருக்கட்டும், அதற்கு மேல் ஏற்றினால் ஆவி பக்கத்துக் கதவுகளுக்குத்தான் போகும்.

பின்பலகையில் மண் கோடு

கரையான். கோட்டை ஒரு இடத்தில் உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள், திரும்ப மூடியிருந்தால் உயிரோட்டமாக இருக்கிறது. இதற்குப் பலகையை மாற்றுவது மருந்தில்லை, அது சுவர் வழியாகவோ தரை மூலை வழியாகவோ மண்ணிலிருந்து ஏறி வருகிறது. பழைய கேபினட்டைக் கழற்றிய பிறகு, புதியது வருவதற்கு முன், சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டு மருந்து செலுத்தி அடைக்க வேண்டும். கட்டி முடித்த வீடுகளுக்குச் செய்யும் முறைக்கு ஐ.எஸ். 6313-இன் மூன்றாம் பகுதி இருக்கிறது, அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், வருகிறவர் வேலை தெரிந்தவரா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். கிச்சன் காலியாக இருக்கிற அந்த ஒரு வாரத்தை விட்டால் இந்த வேலைக்கு வேறு சந்தர்ப்பம் கிடையாது. பெட்டியின் பின்பலகையைச் சுவரோடு ஒட்டாமல் விரலளவு இடைவெளி விட்டு வைக்கச் சொல்லுங்கள், ஈரமும் ஏறாது, கோடு வந்தாலும் டார்ச் அடித்தால் தெரியும்.

திறந்தால் வாடை

கேஸ் வாடை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல் கதவைத் திறங்கள், எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கேபினட்டின் அடியில்தான் தேங்கும். சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்து பைப் இழுக்க முடிந்தால் அதுவே முதல் தேர்வு. முடியாதென்றால் மேடைக்கு அடியில் திறந்த இடமாக விடுங்கள். கதவு போட்டே ஆக வேண்டும் என்றால் கதவின் அடிப்பகுதியிலும் ஸ்கர்ட்டிங்கிலும் நல்ல ஓட்டைகள் வேண்டும், மேலே மட்டும் காற்றுப் போகிற ஜாலி வைத்துப் பயனில்லை.

புதுக் கேபினட்டில் கண் எரிகிற வாடை என்றால் அது பலகைப் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைட். கதவுகளைத் திறந்து போட்டு நாள்கணக்கில் காற்றோட்டம் கொடுத்தால் குறையும். வாங்கும்போதே ஈ1 அல்லது ஈ0 என்று கேளுங்கள், பலகையிலிருந்து இது எவ்வளவு வெளிவரும் என்பதற்கான தரக் குறியீடு அது, ஈ0 இன்னும் குறைவு. ஈரம் புழுங்கிய வாடை என்றால் மேலே சொன்ன நியூஸ் பேப்பர் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

சமைத்து முடித்தால் இடுப்பு வலி

இதைக் கேபினட் கோளாறாக யாரும் எழுதிக் கேட்பதில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். எங்கள் வீட்டில் முதல் கிச்சன் போட்டபோது கடைக்காரர் சொன்ன 34 அங்குலத்தையே வைத்தோம். அம்மா நாலடி பத்தங்குலம். அடுப்பு மேடையில் வைக்கிற அடுப்பு, அது ஒரு நாலு அங்குலம், அதன்மேல் குக்கர். சாம்பார் கொதிக்கிறதா என்று பார்க்க அம்மா குதிகாலைத் தூக்குவார், தாளிக்கும்போது எண்ணெய் முகத்துக்கு நேராக இருக்கும். ஏழு வருடம் அப்படியே சமைத்தார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அது கண்ணில் படவே அவ்வளவு நாளானது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் டேப்பை எடுக்கும் முன், தினமும் சமைப்பது யார் என்று கேட்டு அவர்களைத்தான் கூப்பிடுகிறேன்.

செருப்பில்லாமல் நேராக நின்று முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கைவரை அளந்து, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கழித்தால் காய் நறுக்கும் மேடை உயரம் வந்துவிடும். ஐந்தடிக்காரருக்கு 32, 33 அங்குலம் வரும். நம்பிக்கை இல்லையா, பழைய மேடையில் பலகைகளை அடுக்கியோ, தாழ்வான மேசையில் அடுக்கியோ அந்த உயரம் வரவைத்துப் பத்து நிமிடம் வெங்காயம் நறுக்கச் சொல்லுங்கள், தோள் தூக்காமல் இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். மேடைமேல் அடுப்பு வைப்பதானால் அந்தப் பகுதியை மட்டும் மூன்று நான்கு அங்குலம் தாழ்த்தலாம், மேடைக்குள் பதிக்கிற ஹாப் என்றால் தாழ்த்த வேண்டாம். சிங்க் மட்டும் கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது, பாத்திரம் தேய்ப்பது கிண்ணத்தின் அடியில் அல்லவா நடக்கிறது.

லெக் வைத்த பெட்டியில் இந்த உயரத்தைத் திருகியே ஓரளவு மாற்றலாம், மேடு கட்டினால் முடியாது. அதனால் முதலில் உயரம், அப்புறம்தான் கொத்தனார்.

மேல் கேபினட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி

மேல் விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். முன்பு போகாத கார்டு இப்போது போகிறது என்றால் அன்றைக்கே அதிலிருக்கிற எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், பழுதுபார்ப்பதெல்லாம் அப்புறம். பூச்சில் மட்டும் பிடித்திருக்கிற பிளக்தான் காரணமாக இருக்கும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். இப்போது ஃபிளாட்டுகளில் வருகிற எடை குறைந்த, உள்ளே காற்றுக் குமிழி உள்ள வெள்ளை ஏ.ஏ.சி. பிளாக் சுவரில் சாதாரண பிளக் நிற்காது, அதற்கென்று உள்ள ஆங்கரும், எடையைப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பட்டையும் வேண்டும். சுவர் எது என்று தெரியவில்லையா, மறைவான இடத்தில் ஒரு துளை போட்டு விழுகிற தூளைப் பாருங்கள், செங்கல் என்றால் சிவப்பு, ஏ.ஏ.சி. என்றால் வெளிர் மாவு. எவர்சில்வர் டப்பாக்களும் பெரிய அண்டாவும் கீழ் வரிசைக்குப் போகட்டும், மேலே டம்ளர், மசாலா டப்பா மாதிரி கனமில்லாதவை.

வேலை முடிந்து சாவி கொடுக்கும் நாள்

ஆசாரி துடைத்துப் பளபளவென்று காட்டுவார், மிச்சப் பணத்தைக் கேட்பார், கேட்பது நியாயம்தான். அதற்கு முன் சிங்குக்குக் கீழே திரும்பவும் நியூஸ் பேப்பர் விரித்து, சுவரில் ஒரு தாளை ஒட்டி, சிங்கை நிரப்பித் திறந்துவிடுங்கள். மேடையின் பின் ஓரத்தில் ஒரு சொம்பு ஊற்றுங்கள். டீ போட்டு எல்லோரும் குடித்துவிட்டு வந்து தாளைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.